நின்றுகொண்டே பார்த்த ஆட்டங்கள்

மலர்க்குழுவிலிருந்து நண்பன் போன் செய்தான். "ஏதாவது எழுதிக் கொடுடா. ஆனா ஹாஸ்டல் சாம்பார் மட்டும் வேண்டாம், அதைப் பத்தி ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றான். சாம்பாரை விட்டால் இந்தக் கல்லூரியில் எனக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம் மைதானத்தின் கிழக்குப் பக்கத்து மண்மேடு ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சங்கத்தின் சுற்றறிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் பிளாஸ்டிக் இருக்கைகளோடு கேலரி, ஒவ்வொரு இருக்கையிலும் நன்கொடை கொடுத்தவர் பெயர், வெளியே கம்பி வேலி. இதற்காகக் கிழக்கு மேட்டை வெட்டிச் சமப்படுத்தப் போகிறார்களாம். நல்ல எண்ணம்தான். நானும் பணம் தருவேன். தருவதற்கு முன்னால், ஆட்டத்தை நின்றுகொண்டு பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல அனுமதி வேண்டும்.

நிற்பதைப் பற்றிப் பேச மாங்காட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. எங்கள் ஊர்க் காமாட்சி பஞ்சாக்கினி நடுவே ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள். அவளைப் பார்க்க வரிசையில் நின்று நின்று எங்கள் கால்களும் சின்ன வயதிலேயே பழகிவிட்டன.

தோள் மாறிய கதை

1995 டிசம்பர். எனக்கு எட்டு வயது. மெட்ராஸில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன (ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறியது அடுத்த வருடம்தான்). அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டர்னர். கால்பந்து என்றால் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமலேயே கிளம்பிவிடுவார். "ஃபைனல்டா, இந்தியாவும் பங்களாதேஷும். வர்றியா?" என்றார். "சின்னப் புள்ளைய அந்தக் கூட்டத்துலயா?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் நாங்கள் பஸ் ஸ்டாப்பில் இருந்தோம்.

பூந்தமல்லி போய், பஸ் மாறி, சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தோம். நாங்கள் போன கேலரியில் சிமெண்ட் படிகள். உட்காருவதற்காகக் கட்டியவைதான். ஆனால் முதல் வரிசை எழுந்தால் இரண்டாம் வரிசை எழுந்தே ஆகவேண்டும், பிறகு மூன்றாவது. பத்தாவது நிமிடத்துக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எட்டு வயதுப் பையனுக்கு அங்கிருந்து என்ன தெரியும்? முதுகுகள். வியர்வையில் ஒட்டிய சட்டைகள், ஒருவர் காதில் செருகியிருந்த பீடி, மடித்துக் கட்டிய லுங்கி, வேர்க்கடலைப் பொட்டலத்தின் காகிதம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க மெஷினில் நின்ற மனிதர், எவ்வளவு நேரம் தாங்குவார்? பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர், "குடுங்கண்ணே பையனை, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். அன்றைக்கு நான் மூன்று தோள் மாறினேன்.

ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். இந்தியா 1, வங்கதேசம் 0, தங்கப் பதக்கம். அந்த ஒரு கோலை நான் பார்க்கவில்லை! சரியாக அந்த நேரத்தில் இரண்டாவது தோளிலிருந்து மூன்றாவது தோளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சத்தம் என்னைப் பிடித்திருந்தவரின் எலும்பு வழியாக என் எலும்புக்குள் ஏறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. டி.வி.யில் எத்தனையோ கோல் பார்த்துவிட்டேன், ஒன்றும் அப்படி உள்ளே இறங்கவில்லை.

1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கிய பிறகு, இந்தியன் வங்கி அணி விளையாடும்போது அப்பாவோடு பலமுறை போயிருக்கிறேன். சபீர் பாஷா பந்தைத் தொட்டால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அதுதான் அவர் தரும் அதிகபட்ச மரியாதை.

அந்த மைதானத்தின் ஜாதகம்

அந்த இடத்துக்குப் பெரிய ஜாதகம் உண்டு. முன்பு அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது சேப்பாக்கத்தில் இல்லை, அங்கேதான், ஒன்பது டெஸ்டுகள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை உடைய 2008 வரை ஆயிற்று. பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. ஸ்டேடியம் இன்றைய வடிவத்துக்கு மாறியது 1993-ல். அதே வருடம் நேரு கோப்பைக் கால்பந்து அங்கே நடந்து, வட கொரியா வென்றது.

அப்பா பையனாக இருந்தபோது பார்த்தது பழைய ஸ்டேடியம். அவர் கணக்கில் அங்கே இரண்டு ஜாதிதான்: நாற்காலிக்காரர்கள், கேலரிக்காரர்கள். "நாற்காலில இருக்கறவன் கை தட்டுவான். கேலரில நிக்கறவன் ஆட்டம் ஆடுவான்" என்பார். ஐ.சி.எஃப். ஆட்டமென்றால் கேலரியில் பாதிப்பேர் தொழிற்சாலை ஆட்கள். மைதானத்தில் ஓடுகிறவன் மறுநாள் காலையில் இவர்கள் பக்கத்திலேயே கார்டு போடுகிறவன். "டேய், நாளைக்கு ஷாப்புக்கு வருவ இல்ல!" என்ற மிரட்டலைவிடப் பெரிய கோச்சிங் கிடையாது என்று சொல்லிச் சிரிப்பார்.

கால்பந்து எங்கே வளர்ந்ததோ அங்கேயும் இதே கதை. இங்கிலாந்தில் 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை வேலையை மதியம் இரண்டு மணிக்கு நிறுத்தச் சொன்னது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் மூன்று மணிக்கு மைதானம். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்ற வழக்கம் ஊன்றியது இப்படித்தான். அத்தனை பேருக்கும் நாற்காலி போட யாரிடம் பணம்? மண்ணையும் சாம்பலையும் கொட்டி மேடாக்கி, படி வெட்டி, நிற்கவிட்டார்கள். அந்தப் படிகளுக்குப் பெயர் டெரஸ். ஸ்போர்ட்ஸ் பத்திரிகையில் இந்த வார்த்தையைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று மேட்ச் பார்க்கிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டெரஸ்களில் புகழ்பெற்றது லிவர்பூல் அணியின் 'காப்'. 1906-ல் கட்டிய அந்த மேட்டுக்கு, தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் காப் என்ற குன்றின் பெயரை வைத்தார்கள். 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தில் அந்தக் குன்றில் ஏராளமான ஆங்கிலச் சிப்பாய்கள் செத்தார்கள். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்களில் ஒரு பகுதியினர் நம்மவர்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அதில் பெரும்பகுதி நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள், மெட்ராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு. அந்தக் குன்றின் பெயரைத்தான் லிவர்பூல்காரர்கள் இன்றும் கோஷம் போடுகிறார்கள்.

சவுக்குக் கட்டை கேலரி

இதுவரை சொன்னதைக் கேட்டு, நிற்பது ஏதோ சொர்க்கம் என்று சொல்லவருகிறேன் என்று நினைக்கவேண்டாம்.

1998-ல் எங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் ராத்திரி நேர செவன்ஸ் டோர்னமென்ட் நடந்தது. ஊர், நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். அவர்களும் எங்களைப் போல ஆட்டப் பைத்தியங்கள்தான். சவுக்குக் கட்டை நட்டு, குறுக்கே பலகை போட்டு, கயிற்றால் கட்டிய கேலரி. நூறு பேர் நிற்கிற இடத்தில் முந்நூறு பேர் இருந்திருப்போம். பெனால்டி கிக் என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். முதலில் கயிறு முறுகுகிற சத்தம். அப்புறம் முழு கேலரியும் அவசரமே இல்லாமல், மாடு படுக்கிற மாதிரி, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

யாரும் சாகவில்லை. ஒருவருக்குக் கால் முறிந்தது, சிலருக்குச் சிராய்ப்பு. எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. என் கை அப்பாவின் கையிலிருந்து வழுக்கிப் போனது. சுற்றிலும் உடம்புகள். மூச்சை வெளியே விடமுடிந்தது, உள்ளே இழுக்க இடமில்லை. பிறகு யாரோ என் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்பா என்னை டீக்கடைப் பக்கத்தில் கண்டுபிடித்தார். முதலில் பளாரென்று ஒரு அறை. அப்புறம்தான் கட்டிப்பிடித்தார். அதன் பிறகு ஒரு வருடம் எந்த மேட்சுக்கும் கூட்டிப் போகவில்லை.

அதனால்தான் சிவில் எடுத்தேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். உண்மையில் என் கட்-ஆஃப் மார்க் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் மூன்றாம் வருடம் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் வகுப்பில் குறுக்குக் கட்டு இல்லாத ஃபிரேம் பக்கவாட்டு விசையில் எப்படிச் சாயும் என்று போர்டில் படம் போட்டபோது, வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் அந்தக் கயிற்றுச் சத்தம் கேட்டது.

லீச் என்ற இன்ஜினியர்

என்னைவிடப் பெரிய பாடம் படித்த இன்ஜினியர் ஒருவர் உண்டு. கிளாஸ்கோக்காரர், பெயர் ஆர்ச்சிபால்ட் லீச். ஆரம்பத்தில் தொழிற்சாலைகள் வடிவமைத்தவர். இலங்கையில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவர் கைவேலை. நம் ஊர்களிலிருந்து போன மலையகத் தமிழர்கள் கொழுந்து பறித்த தோட்டங்கள் அவை. பிறகு மைதானங்கள் கட்ட வந்தார். 1902 ஏப்ரல் 5 அன்று, அவர் வடிவமைத்த இப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டம் நடக்கும்போது மரப்பலகை டெரஸ் உடைந்தது. 25 பேர் செத்தார்கள்.

வேறு யாராவது இருந்தால் தொழிலை விட்டிருப்பார்கள். லீச் விடவில்லை. உயரமான மரச்சாரம் வேண்டாம், கெட்டியான மண்மேட்டில் கான்கிரீட் படி வை. கூட்டத்தை நடுநடுவே தாங்க இரும்புக் குழாய்த் தடுப்பு நடு. ஏற, இறங்கத் தனி வழி விடு என்று முறைகளை வகுத்தார். தடுப்புக் குழாய்க்குக் காப்புரிமையும் வாங்கினார். அடுத்த நாற்பது வருடத்துக்கு பிரிட்டனின் பெரிய மைதானங்களில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவைதான்.

ஆனால் தடுப்பு இருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வழியும் சரியாக இருக்கவேண்டும். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் கேலரியில் கைகலப்பு. இரண்டு பக்க ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்திருந்தார்கள், ஓட வழியில்லை. 16 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியில் அங்கே வருடாவருடம் ரத்ததானம் செய்கிறார்கள். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ. ஏற்கெனவே நிரம்பிவிட்ட கம்பிக் கூண்டுக்குள் போகும் வழியை அடைக்காமல் போலீஸ் வெளிக் கேட்டைத் திறந்துவிட்டது. 97 பேர் இறந்தார்கள். தப்பு ரசிகர்கள் மேல் இல்லை என்று நீதிமன்ற விசாரணை சொல்ல 2016 வரை ஆனது, இருபத்தேழு வருடம்! இடையில் இங்கிலாந்தின் பெரிய அணிகளின் மைதானங்களில் நிற்கும் இடங்களையே எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்கள். காப் மேட்டில் கடைசியாக நின்று பார்த்த ஆட்டம் 1994 ஏப்ரல் 30.

நம் பக்கம் பார்ப்போம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்து வாசலில் 11 பேர். அதே வருடம் செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர். இவர்களில் யாரும் நின்றதனால் சாகவில்லை. எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வருவார்கள், எப்படி வெளியே போவார்கள் என்ற கணக்கு தப்பியதனால் செத்தார்கள். கணக்கு யாருடைய வேலை? நம்முடையது.

திரும்பி வந்த நிற்கும் இடம்

நாற்காலி போட்ட பிறகும் ஜனங்கள் உட்காரவில்லை என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் முப்பது வருடம் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டே பார்த்தார்கள். முன் நாற்காலி முழங்காலில் இடிக்க நிற்பது இன்னும் ஆபத்து என்று புரிந்து, 2022 ஜனவரியில் சில மைதானங்களில் சோதனை செய்து, அடுத்த சீசனிலிருந்து தடுப்புக் கம்பியோடு நிற்க முறையாக அனுமதித்துவிட்டார்கள். ஜெர்மனி விடவேயில்லை, டோர்ட்மண்டில் ஒரே ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நிற்கிறார்கள்.

நம் நேரு ஸ்டேடியத்திலும் இப்போது நாற்காலிகள்தான். சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கி, 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றது. அதன் ரசிகர்களில் பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ஒரு கூட்டம், தொண்ணூறு நிமிடமும் நின்றபடி பாடுகிறார்கள். போய்ப் பாருங்கள், டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கும், இருக்கையில் ஆள் இருக்காது.

நம் மேடு

இப்போது கிழக்கு மேட்டுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது பங்க் அடித்த மதியங்களின் ஞாபகம். எனக்கு அப்படி இல்லை. நான் இந்தக் கல்லூரிக்குள் முதலில் வந்தது மாணவனாக இல்லை. ஏழாவது படிக்கும்போது, இன்டர்-காலேஜ் மேட்ச் பார்க்க, சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாக வந்தேன். எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர். வாட்ச்மேன் துரத்துவார் என்று பயந்தோம்; அவரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் நின்ற ஒரு சீனியர் அண்ணன், "தம்பி, முன்னாடி வந்து நில்லு, தெரியலைன்னா சொல்லு" என்றார். கல்லூரி என்றால் யாரோ பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைகள் போகிற இடம் என்று நினைத்திருந்தவன், அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "நான் அங்கதான் படிப்பேன்" என்றேன். 2004-ல் முன்வாசல் வழியாக வந்தபோது முதலில் போய் நின்ற இடமும் அந்த மேடுதான்.

இப்போது மாங்காடு நகராட்சி ஆகிவிட்டது. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். பையன்கள் பந்து உதைக்க இடம் தேடி அலைகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நம் மேட்டில் நின்று பார்க்கிறவர்களில் கால்வாசிப் பேர் இன்னும் அந்த மாதிரிப் பையன்கள்தான் என்று இன்றைய மாணவர்கள் சொல்கிறார்கள். சுற்றறிக்கைப்படி கேலரி வந்தால் வேலி வரும், வேலி வந்தால் அவர்கள் வெளியே.

எனவே என் வேண்டுகோள். மற்ற மூன்று பக்கமும் நாற்காலி போடுங்கள், கட்டாயம் போடுங்கள். என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது. அவரால் பத்து நிமிடம் நிற்க முடியாது. ஆனால் கிழக்கு மேட்டை வெட்டவேண்டாம். 60 மீட்டர் நீளத்துக்கு 12 படி. படி உயரம் 15 செ.மீ., அகலம் 40 செ.மீ. மொத்தம் 288 சதுர மீட்டர். பிரிட்டிஷ் பாதுகாப்புக் கையேடு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர் என்கிறது. அந்தக் கணக்கில் 1,350 பேர் வருகிறது. நமக்கு அதில் பாதி போதும், 650 என்று எழுதிப் போட்டு அதற்கு மேல் ஒருவரையும் விடக்கூடாது. சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் லீச் பாணித் தடுப்புக் கம்பிகள், இரண்டு பக்கமும் எந்நேரமும் திறந்த வழி, தெருப் பக்கம் பூட்டாத ஒரு சின்னக் கேட். வரைபடம் நான் போட்டுத் தருகிறேன், கட்டணம் இல்லை. மண் ஏற்கெனவே நம்முடையது. செலவும் நாற்காலி கேலரியைவிடக் குறைவுதான் ஆகும்.

நன்கொடையாளர் பட்டியலில் என் பெயருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். மிக்க நன்றி. அதை அப்பாவுக்குக் கொடுத்துவிடுங்கள். என் பணத்தில் கிழக்குப் பக்கம் ஒரு தடுப்புக் கம்பி நட்டால் போதும், பெயர் எழுதவேண்டாம்.

ரீயூனியன் அன்று சாயங்காலம் பழைய மாணவர் - இன்றைய மாணவர் ஆட்டம் இருக்கிறது. ஓடுகிற வயதும் வயிறும் எனக்கு இல்லை. மேட்டில் நிற்பேன். பக்கத்தில் வந்து நில்லுங்கள். உயரம் பத்தாத பையன் யாராவது தட்டுப்பட்டால் தோள் மாற்ற ஆள் வேண்டும்.